மொட்டைப்பாறை மேல் ஓர் அடுக்களை

கல்லை மாவாக்குகிறவர்கள் உண்டு, ஜல்லியாக்குகிறவர்கள் உண்டு. கல்லைக் கண்ணாடியாக்குகிறவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். கல்லூரியின் நிலவியல் துறையில், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை அவளுடையது. ஆராய்ச்சிக்காரர்கள் உடைத்துக்கொண்டு வரும் கற்களை வைரத்தூள் பதித்த வட்டத் தகட்டில் கொடுத்து வில்லையாக அறுப்பாள். வில்லையைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பாள். தலைமுடியைவிட மெல்லிசாகி, ஒரு பக்கம் புகுந்த வெளிச்சம் மறுபக்கம் வருகிறவரை தேய்ப்பாள். அதன் பிறகுதான் கல் நுண்ணோக்கிக்குப் போகும்.

துறையில் அவளுக்கு 'சீவல் அக்கா' என்று பெயர். தச்சன் இழைப்புளியில் மரம் சுருண்டு வருகிற மாதிரி கல்லைச் சீவுகிறாளாம். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து, டிப்போவில் பஸ் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷனே "சீவல், கொஞ்சம் தண்ணி குடு" என்று கூப்பிடுவது பழக்கமாகிவிட்டது.

அவள் வந்தது என்னவோ டைப்பிஸ்ட் வேலைக்கு. வேகம் போதவில்லை. "கை ரொம்ப மெதுவாப் போகுதேம்மா" என்று தட்டிக்கழித்த அதே மனிதர், அவள் கதவு வரை போனதும் திரும்பக் கூப்பிட்டு, "மெதுவாப் போற கை ஒண்ணு கீழ் ரூமுக்கு வேணும், இருக்கியா?" என்றார். இருந்துவிட்டாள். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து போனது அந்த வேலையில்தான். ரேகை வைக்கப் போகிற இடத்திலெல்லாம் இயந்திரம் அவளை ஏற்க மறுக்கும். "நீ ஆளே இல்லைங்குது பாரு" என்று புருஷன் சிரிப்பான்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் கல் போய்விடும். உடையாது, விழாது, சத்தம் போடாது. கையில் வெறும் கண்ணாடி இருக்கும். அத்தனை கோடி வருஷம் இருந்த ஒன்று இந்த நிமிஷம் இல்லை என்றால், அது எங்கே என்று யாரைக் கேட்பது?

அவள் சீவியதில் பாதி அந்த ஊரின் மொட்டைப்பாறையிலிருந்து வந்த கற்கள். எந்தத் தெருவில் நின்றாலும் தெரு முடிகிற இடத்தில் அது தெரியும்: புல் பூண்டு இல்லாத வழுக்கைத் தலை, யாரோ தரைக்குள்ளிருந்து எழுந்து தோள் வருவதற்குள் நின்றுவிட்ட மாதிரி. அவள் வீடு அதன் காதோரம். வீட்டைக் கட்டிய மாமனார் சிக்கனக்காரர். அடுக்களையின் பின்சுவரும் தரையும் வேண்டியதில்லை, பாறையே இருக்கிறது என்று விட்டுவிட்டார். "ஒரு சுவரும் ஒரு தரையும் இலவசம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் காலத்தில் அந்தத் தரை ஜில்லென்று இருக்கும். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடி, நடுநடுவே காக்காப்பொன் மினுங்கும்.

அந்தத் தரையில்தான் நாத்தனார் படுப்பாள். மெக்கானிக்கின் அக்கா. தையல்காரர்களுக்குச் சட்டைக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். அவள் புருஷன் பாறையின் அந்தப் பக்கத்துக் குவாரியில் துளை போடுகிறவராக இருந்தார். ஒரு பகல் வேளையில் பாறை முகம் தானாக வெடித்து, வீடு அளவுக்கு ஒரு பலகை கழன்று அவர்மேல் உட்கார்ந்தது. எந்தக் கிரேனுக்கும் அது அசையவில்லை. குவாரியை மூடினார்கள், குழியில் தண்ணீர் ஏறியது, அவர் உள்ளேயே இருந்துவிட்டார். நாத்தனார் ஒரு பெட்டியும் ஊசி டப்பாவுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தாள். அழுததைச் சீவல் பார்த்ததில்லை. அடுத்தவர் அழுதால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "மூக்கைச் சிந்திட்டு வேலையைப் பாரு" என்பாள்.

தட்டும் சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான்.

பொழுது சாய்ந்து அடுப்புப் பற்றவைக்கிற நேரம். அடுக்களைத் தரைக்கு அடியில், ஆழத்தில், கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி. பானைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை ஓடி ஓய்ந்தது. சீவல் கையில் கரண்டியோடு நின்றாள்.

"எலியா இருக்கும் அண்ணி."

"கல்லுக்குள்ள எலியா? உன் ஆபீஸ்ல அப்படியா சொல்லிக் குடுத்தாங்க?" நாத்தனார் காஜா ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திவைத்துவிட்டு, தரையில் காது வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். எழுந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது. அதுதான் சீவலுக்கு என்னவோ போல் ஆயிற்று. "அவர் சொந்த வீட்டுக்கு வந்தாலும் தட்டாம வர மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி ஊசியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு சத்தம் தினமும் வந்தது. பாறையில் வெயில் இறங்கினால் வரும். மழை மூட்டமாக இருந்தால் வராது. அன்றைக்கு நாத்தனார் சரியாகச் சாப்பிட மாட்டாள். வருகிற நாளில் கரண்டிக் காம்பால் தரையில் திருப்பித் தட்டுவாள். சில சமயம் அதற்குப் பதில் வந்த மாதிரியே இருக்கும். மெக்கானிக் முதலில் கேலி பண்ணினான். "மாமா ஓவர்டைம் பாக்குறாரு போல." அக்கா பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தோடு கேலியை நிறுத்திக்கொண்டான்.

சீவலுக்கு அது பேய் என்று தோன்றவில்லை. வெயிலில் விரிந்தது மாலையில் சுருங்குகிறது, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த அடுக்களையில் தனியாக நிற்க வேண்டி வந்தால் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

பிறகு தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் எப்போதும் வாசல் பக்கம் ஓடும் தரை அது. இப்போது பின்சுவரோரமாகக் குட்டை கட்டியது. உருளைக்கிழங்கு ஒன்று கைதவறி விழுந்தால் அடுப்படியிலிருந்து சுவர்வரை தானாக உருண்டு போயிற்று. நடுத்தரை புடைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தால் தெரியவில்லை. வெறுங்காலால் நடந்தால் தெரிந்தது. குதிகாலை ஊன்றினால் சத்தமும் மாறியிருந்தது. முன்பு கல்லாக ஒலித்த இடம் இப்போது பெட்டி மாதிரி ஒலித்தது.

வேறு வீடாக இருந்தால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பூசியிருப்பார்கள். இது சீவலின் வீடு. துறையில் கழித்துப்போட்ட வைரத் தகடு ஒன்று சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி வந்தாள். மெக்கானிக் டிப்போவிலிருந்து அறுப்பு மிஷின் கொண்டு வந்தான். ஒரு விடுமுறை நாளில், பின்சுவரை ஒட்டி, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்டினாள். விரல் அகலம், ஒரு சாண் ஆழம். கோடு போட்ட மாதிரி நேராக வந்தது.

"வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுதேடி!" என்று மெக்கானிக் வாயைப் பிளந்தான்.

நாத்தனார் மட்டும் வாசற்படியில் நின்று, "அவருக்கு வலிக்கப் போகுது" என்றாள்.

தண்ணீர் அழகாக ஓடியது. தட்டுகிற சத்தம்தான் பலத்தது. வெளியறையில் உட்கார்ந்திருந்தாலே கேட்டது. நாத்தனார் காஜா வேலையை அடுக்களைக்குள்ளேயே மாற்றிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் மொட்டைப்பாறையின் சரித்திரத்தை எழுத ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து சேர்ந்திருந்தாள். இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆனாலும் சீவல் அவளை 'டாக்டரம்மா' என்றே கூப்பிட்டாள். "இப்பவே கூப்பிட்டுப் பழகிக்கிறேன், நாளைக்கு நாக்கு சுளுக்கக் கூடாது பாரு." கல் எடுக்கும்போதே, மலையில் அது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டு வரும் பெண் அவள். சீவலும் அந்த அம்பை வில்லைக்கு, வில்லையிலிருந்து கண்ணாடிக்கு என்று தவறாமல் மாற்றி வரைவாள். மேல் எது, கீழ் எது என்பது போய்விட்டால் கல்லின் கதை தலைகீழாகிவிடும்.

ஒருநாள் மதியம் டாக்டரம்மா அவளை நுண்ணோக்கிக்கு அழைத்தாள். "நீங்க சீவினது அக்கா. வந்து பாருங்க."

நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கார்னெட் மணி, நகையில் பதிக்கிற அந்தச் சிவப்புக் கல். மணிக்குள் தூசி மாதிரி புள்ளிகள் வரிசையாக ஓடி, நத்தை ஓட்டுச் சுருளாக வளைந்திருந்தன.

"வளரும்போதே உருண்டிருக்கு. சுத்தி இருக்கிற பாறை நகர நகர இதுவும் உருண்டுக்கிட்டே வளந்திருக்கு. அந்தப் புள்ளியெல்லாம் அப்ப முழுங்கினது."

"ஓரத்துல என்ன, கரையான் அரிச்ச மாதிரி?"

"அதுதான் விஷயமே. மேல இருக்கிற அடுக்கு ஒரு காலத்துல கடலடிச் சேறு. உள்ள இருக்கிறது அதைவிடக் கிழம். ரெண்டும் சேந்து பல கிலோமீட்டர் கீழ போச்சு. அங்க அமுக்குன அமுக்குல மடிஞ்சு, வெந்து, சேறா இருந்தது காக்காப்பொன்னும் கார்னெட்டுமா மாறிடுச்சு. உள்ளே இருந்தது பாதி உருகிடுச்சு. நம்ம பாறையில வெள்ளைக் கோடு ஓடுதில்ல, அதுதான் உருகினது. உருகினதும் லேசாயிடுச்சு. லேசானது மேல வராம இருக்குமா? பால் பொங்கும்போது ஆடையைத் தூக்குமே, அந்த மாதிரி மேல இருந்த அடுக்கையெல்லாம் முட்டித் தூக்கிட்டு வந்துச்சு. வந்த வேகத்துல அமுக்கம் குறைஞ்சதும் கார்னெட்டால தாக்குப்பிடிக்க முடியல. பக்கத்துல இருந்ததே அதைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. தின்னு முடிக்கிறதுக்குள்ள ஆறிப்போனதால மிச்சம் இருக்கு."

"பாதி தின்ன தட்டைக் கழுவாம வெச்ச மாதிரி."

"ஐயோ, இதை நான் எழுதிக்கலாமா?" டாக்டரம்மா சிரித்தாள். பிறகு கையை உதறிக் காட்டினாள். மணிக்கட்டில் கட்டு. "கேளுங்க கொடுமையை. பழைய குவாரி மேட்டுல கல் எடுக்கப் போனேன். மிஷினை வெச்சு அறுத்துட்டே இருக்கேன், பாதியில தகட்டைக் கவ்விக்கிச்சு. வெட்டின வெட்டு மூடுது அக்கா, என் கண்ணு முன்னாடியே! கை முறுக்கிக்கிச்சு. அங்க வேலை செஞ்ச பெரியவர் ஒருத்தர் சொன்னாரு, 'பாறை கடிக்கும்மா, வாயில கை வைக்காத'ன்னு."

"ஏன் கடிக்குது?"

"அங்க அடியில அமுக்கி வெச்சது இன்னும் முழுசாப் போகல. மேல இருந்த பாரமெல்லாம் கரைஞ்சு போச்சு, ஆனா பக்கவாட்டுல இறுகிப் பிடிச்சிட்டிருக்கு. மேல் தோல் ஏடு ஏடா கழண்டு, உள்ளுக்குள்ள படபடன்னு தட்டும். வெட்டிவிட்டா அந்த இடுக்கு வரைக்கும் நகரும். இடுக்கு மூடிட்டா அதுக்குப் போக வேற இடம் கிடையாது. அப்புறம் மேலதான் எழும்பும். குவாரியில ஒருத்தர்…" அவள் நிறுத்தினாள். சீவலின் நாத்தனார் கதை துறையில் எல்லோருக்கும் தெரியும். "மன்னிச்சுக்கங்க அக்கா."

சீவல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அன்று காலை வாய்க்காலைத் துடைத்தபோது விரல் நுழையவில்லை, துணியைச் சுற்றிய விரல் என்பதால் என்று நினைத்திருந்தாள்.

மேஜைமேல் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அரை நாள் விடுப்பு கூடச் சொல்லாமல் கிளம்பினாள். பஸ் ஏறியது, இறங்கியது எதுவும் நினைவில் இல்லை. தெருமுனையில் மொட்டைப்பாறை நின்றது. வெயில் அதன் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களையில் நாத்தனார் பக்கவாட்டில் படுத்திருந்தாள், கன்னம் தரையில், கண் திறந்தபடி. சுற்றிலும் பித்தான் வைக்காத சட்டைகள். சீவலைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாரு."

சீவல் குனிந்து ஸ்கேலை வாய்க்காலில் விட்டுப் பார்த்தாள். அகலவாட்டில் நுழையவில்லை. விளிம்புப் பக்கமாகத் திருப்பினாள். அரைப்பங்கு இறங்கியது. இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஸ்கேல் மெல்லிசாக முனகியது, ரம்பத்தை வளைத்தால் வருகிற சத்தம்.

"அண்ணி, எழுந்திருங்க. இங்க இருக்கக் கூடாது."

"உஷ்."

"நான் வெட்டினது மூடுது. தரை எழும்பப் போகுது. இந்தச் சத்தம் மாமா இல்ல அண்ணி, பாறை. வேணும்னா அப்புறமா உங்களைக் குவாரிப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் கேக்க வைக்கிறேன், எழுந்திருங்க."

நாத்தனார் அசையவில்லை. "பாறைன்னு எனக்குத் தெரியாதாடி? நான் என்ன பச்சப் புள்ளையா? அந்தப் பாறைக்குள்ளதான அவர் இருக்காரு. அது அசைஞ்சா அவரும்தான அசைவாரு?"

கார்னெட் மணி மாதிரி ஒரு மனுஷன் அங்கே உருண்டுகொண்டிருப்பது ஒரு கணம் கண்ணுக்குத் தெரிந்து மறைந்தது. அடியில் தட்டுகிற சத்தம் இப்போது விட்டுவிட்டு வரவில்லை. பல இடங்களிலிருந்து, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, கதவு நிறைய ஆட்கள் நிற்கிற மாதிரி வந்தது. பின்சுவரிலிருந்து மணல் கொட்டியது. அடுப்பு மேடையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். நாத்தனார் கனமானவள். அதற்கு மேல் உடம்பைத் தளரவிட்டுக் கனமாக்கிக்கொண்டாள். டிப்போவுக்குப் போன் பண்ணி மெக்கானிக் வருவதற்குள் பொழுது போய்விடும்.

சீவல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். சட்டைகளை ஒதுக்கினாள். நாத்தனாருக்குப் பக்கத்தில், அந்தப் புடைத்த தரையில், முகத்துக்கு முகம் பார்க்கப் படுத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"நானும் கேக்குறேன்."

"எழுந்து போ."

"மெதுவாத்தான் போவேன். என் கை கால் எல்லாம் மெதுவு, உங்களுக்குத் தெரியாததா?" கன்னத்துக்கு அடியில் கல் துடித்தது. கழுத்து நரம்பில் விரல் வைத்தால் தெரியுமே, அப்படி. ஜில்லென்று இருக்க வேண்டிய தரை வெதுவெதுப்பாக இருந்தது, அல்லது அவள் உடம்புதான் அப்படி இருந்ததோ.

"உன் புருஷன் வந்தா நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க இருந்தாத்தான சொல்லணும்?"

நாத்தனார் அவளையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் ஏறுவதைச் சீவல் பக்கத்திலிருந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாக யார் மேலும் வராமல் மடிந்து மடிந்து கிடந்த கோபம்.

"அறிவு கெட்ட கழுதை! உன்னையும் அள்ளிக் குடுக்கணுமா நான் இதுக்கு? எழுந்திருடி!" அவள் எழுந்துவிட்டாள். சீவலின் மணிக்கட்டைப் பிடித்து, பாத்திரத்தை இழுக்கிற மாதிரி தரையோடு தரையாக இழுத்தாள். வாசற்படியில் சீவலின் முழங்கால் இடித்துத் தோல் பிய்ந்தது. இருவரும் வெளியறைக்குள் விழுந்தார்கள்.

வெடிச் சத்தம் என்று எதுவும் இல்லை என்றுதான் பிறகு சீவல் எல்லோரிடமும் சொன்னாள். முதலில் ஓர் அமைதி. எல்லாத் தட்டலும் ஒரேயடியாக நின்றது. அப்புறம் அடுக்களைத் தரை, யாரோ முதுகை நிமிர்த்துகிற மாதிரி, நடுவில் பிளந்து எழுந்தது. இரண்டு பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூரை போல நின்றன. வாய்க்காலிலிருந்து எகிறிச் சுவரில் பதிந்த ஸ்கேல் வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அடுப்பு கூரையைத் தொட்டுவிட்டு விழுந்திருந்தது. சட்டைகள்மேல் வெள்ளைப் பொடி இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு டிப்போ நண்பர் வீட்டில் தங்கினார்கள். மெக்கானிக் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். இருவரும் அப்படியே குடித்தார்கள்.

காலையில் சாமான் எடுக்கப் போனபோது டாக்டரம்மா வந்திருந்தாள். எழுந்து நின்ற பலகைகளைக் கண்டதும், "எவ்வளவு அபூர்வம் தெரியுமா!" என்று கைதட்டப் போனவள், மூன்று பேர் முகத்தையும் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

"படம் எடுத்துக்கம்மா. உன் வேலை அது" என்றாள் நாத்தனார். மெக்கானிக் தடுத்தும் கேட்காமல் பலகைகளுக்கு அருகே போய்க் குந்தினாள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பொந்து. உள்ளே இருட்டாக இருக்கும் என்று சீவல் நினைத்திருந்தாள். இருட்டாக இல்லை. உலகம் உண்டான பிறகு ஒருநாள் கூட வெளிச்சம் படாத அந்தக் கல், வெள்ளையும் சாம்பலுமாக, நேற்றுக் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல்.

"உள்ள யாரும் இல்ல அண்ணி" என்றாள் சீவல்.

"நான் கேட்டேனா?" நாத்தனார் திரும்பாமலே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "ஏம்மா, இதுக்குக் கீழ என்ன?"

"இதே மாதிரி இன்னொரு ஏடு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. வெங்காயம் மாதிரி."

"அதுவும் தட்டுமா?"

டாக்டரம்மா சீவலைப் பார்த்தாள். சீவல் எதுவும் சைகை காட்டவில்லை.

"தட்டும்மா. நம்ம காலத்துலயோ, நமக்கு அப்புறமோ. இன்னும் நிக்கல அது."

"அப்ப சரி."

நாத்தனார் பொந்துக்குள் கையை நீட்டி, அந்தப் புதுக் கல்லில் விரல் முட்டியால் ஒருமுறை தட்டினாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது மாதிரி. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பொடி படிந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து, மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற சாமான் வண்டிக்குப் போனாள். பதில் தட்டு வருகிறதா என்று கேட்க அவள் நிற்கவில்லை.

நின்றது சீவல்தான்.